அரை வயிற்றுத் தாய்மாமன்

இலை விழுந்ததுமே வெயிலுமுத்துவின் வயிற்றுக்குள் ஒரு உறுமல் கேட்டது. கேட்காதா பின்னே! நாற்பத்தெட்டு வருசமாகக் கேட்டதையெல்லாம் கேட்ட நேரத்தில் கொடுத்துச் செல்லமாக வளர்த்த வயிறு அது. சும்மா கிட, இன்னிக்கு உன் பாச்சா பலிக்காது என்று உள்ளுக்குள்ளேயே ஒரு அதட்டுப் போட்டுவிட்டு, இலையில் தண்ணீர் தெளித்து உள்ளங்கையால் வழித்துவிட்டார். குலசாமி கோயில் தகரக் கொட்டகை. மாசி வெயில் தகரத்தைக் காய்ச்ச, அடுப்படிப் பக்கமிருந்து கறி வேகிற வாசனை வந்து மூக்கைப் பிடித்து இழுத்தது. தங்கச்சி முனீசுவரி பதினோரு வருசம் கோயில் கோயிலாக ஏறி இறங்கிப் பெத்த ஒத்தைப் பிள்ளை யாழினிக்கு இன்றைக்கு மொட்டை, காதுகுத்து, கிடாய் விருந்து. சித்த நேரத்துக்கு முன்னால்தான் பிள்ளையை மடியில் வைத்திருந்தார். ஊசி இறங்கின நேரத்தில் அது அவர் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு வீல் என்று கத்தியது, அவருக்கும் கண்ணில் தண்ணீர் முட்டியது, யாரும் பார்க்கவில்லை, பார்த்தாலும் வேர்வை என்று சொல்லிக்கொள்ளலாம். தாய்மாமன் அவர்தான். முதல் பந்தி, முதல் இலை அவருடையது. அது முறை. அந்த இலையில் கை நனைத்து அவர் வயிறார உண்டு எழுந்தால்தான் விருந்து நிறைந்ததாகக் கணக்கு. அதுவும் யார், மூணுபந்தி வெயிலுமுத்து! சொந்தபந்தத்தில் அவருக்கு அதுதான் பட்டம். சின்ன வயதில் ஒரு கல்யாணத்தில் முதல் பந்தியில் சாப்பிட்டு, இரண்டாம் பந்தியில் துணைக்கு உட்கார்ந்து, மூன்றாம் பந்தியில் சமையல்காரர்களோடும் உட்கார்ந்து எழுந்தார். அன்றையிலிருந்து எந்த வீட்டு விசேசத்திலும் அவர் சாப்பிடுவதைப் பார்க்கவே நாலு பேர் எதிரில் வந்து நிற்பார்கள். அந்த ஆள்தான் இன்றைக்கு அரை வயிற்றோடு எழுந்திருப்பது என்று முடிவு கட்டிக்கொண்டு வந்திருக்கிறார். செண்பகத்தைத் தவிர யாருக்கும் தெரியாது. அவர் பெண்டாட்டி செண்பகம் அந்தா எதிர் வரிசையில், பெண்கள் பக்கம், ஒன்றும் தெரியாதவள் மாதிரி உட்கார்ந்திருக்கிறாள்.

உப்பு வைத்தார்கள். உப்பைப் பார்த்ததும் கிணறு ஞாபகம் வந்தது. என்ன சம்பந்தமோ, அவருக்கு இப்போதெல்லாம் எதைப் பார்த்தாலும் அந்தக் கிணறுதான். போன ஆவணி. மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை அவருடையது. காயில் புகைந்துபோனால் சுத்துப்பட்டிக்கெல்லாம் அவர்தான் வைத்தியர். அன்றைக்கு ஒரு தோட்டத்தில் கிணற்றுக்குள்ளே மேடையில் இருந்த மோட்டாரைக் கழற்ற அவரே இறங்கினார். இறங்கிவிட்டார், அதில் ஒன்றும் குறைவில்லை. கழற்றினார். ஏறும்போதுதான் பாதிப் படியில் மூச்சு நின்றுபோய், கண்ணுக்கு முன்னால் கறுப்புக் கறுப்பாகப் பூச்சி பறந்தது. கால் அடுத்த படிக்கு வரமாட்டேன் என்றது. மேலே நின்றவர்கள் கூடிக்கூடிப் பேசினார்கள். கடைசியில் மோட்டாரைத் தூக்கக் கொண்டுவந்த செயின் பிளாக் இருந்ததே, அதிலேயே இடுப்பில் கயிறு போட்டு அவரையும் தூக்கினார்கள். கடகடகடவென்று சங்கிலி ஓடுகிறது, அந்தரத்தில் சுற்றிக்கொண்டே வருகிறார், மேலே ஒருத்தன் சொல்கிறான், "மெதுவா இழுங்கப்பா, இது அஞ்சு எச்பி இல்ல, ஏழரை!" எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். சிரிக்காமல் என்ன செய்வது. ஆனால் தொங்கிக்கொண்டிருந்த அந்த நேரத்தில் மனசு வேறு ஒரு கணக்குப் போட்டது. அப்பா ஐம்பத்திரண்டைத் தாண்டவில்லை. சர்க்கரை. முதலில் விரல், அப்புறம் பாதம், அப்புறம் ஆளே போய்விட்டார். முனீசுவரிக்கு அப்போது கல்யாணம்கூட ஆகவில்லை. யாழினிக்கு மூணு வயது. அவளுக்குக் கல்யாண வயசு வரும்போது நமக்கு எழுபது கிட்ட வந்துவிடும். எழுபது வேண்டுமே! இருந்தால்தானே எழுபது! இல்லாதவனுக்கு ஏது எழுபது? சங்கிலி நின்றது, தரையில் இறக்கினார்கள், கால் நடுங்கியதை எல்லாரும் பயம் என்று நினைத்துக்கொண்டார்கள். பயம்தான். ஆனால் கிணற்றுப் பயம் இல்லை. இதை அவர் செண்பகத்திடம்கூடச் சொல்லவில்லை. அவளிடம் மூட்டுவலி என்று சொல்லிவைத்திருக்கிறார்.

மறுநாளே நடக்க ஆரம்பித்தார், கண்மாய்க் கரையில், விடிந்தும் விடியாமலும். நடப்பது என்ன பெரிய வித்தையா என்று நினைத்துப் போனால், நம்ம ஊரில் அதைவிடப் பெரிய வித்தை கிடையாது. முதல் நாளே ஒருத்தர் கேட்டார், "என்னண்ணே, மாடு கீடு காணாமப் போச்சா?" மாடே இல்லாத ஆளிடம்! இரண்டாம் நாளிலிருந்து ஒவ்வொரு வண்டியும் பக்கத்தில் வந்து நின்றது. ஏறுங்கண்ணே, ஏறுங்க மாமா, எங்கிட்டுப் போகணும், விட்டுட்டுப் போறேன். நடந்துபோகிற மனுசனைப் பார்த்தால் நம்ம சனத்துக்கு மனசு கேட்காது. வேண்டாம் என்றால் கோவித்துக்கொள்வார்கள். ஒருத்தருக்கு மனம் நோகக்கூடாதே என்று ஏறிப் போய், பஸ் ஸ்டாண்டில் இறங்கி, அங்கிருந்து திரும்பி நடந்து வந்த நாளும் உண்டு. அப்படிப் பார்த்தால் அன்றைக்கு லாபம்தான். டீக்கடையில் சீனி இல்லாமல் ஒரு டீ என்றதும் டீ மாஸ்டர் குரலைத் தாழ்த்தி, "வீட்ல எல்லாம் சௌரியம்தானே?" என்று கேட்டார். வடையை வேண்டாம் என்றதற்கு இரண்டு பேர் அக்கறையாக முகத்தைப் பார்த்தார்கள். முகம் வாடிப்போச்சே, உடம்பு வத்திப்போச்சே, யாராச்சும் செய்வினை வச்சிருப்பாங்களோ. அட பாவிகளா, நல்லா இருக்கிறேன்டா! நன்றாக இருந்தால் நன்றாக இருக்கிறாய் என்று ஒரு வாய் சொல்லலாகாதா? பெல்ட்டில் ஆணியை வைத்துப் புதுசாக ஓட்டை போட்டபோது உள்ளுக்குள் வந்த சந்தோசம் இருக்கிறதே, கடைக்கு முதல் போர்டு மாட்டிய அன்றைக்குக்கூட அப்படி வந்ததில்லை. பொங்கலுக்குப் பிறகு ஒருநாள் குளித்துவிட்டு நிற்கும்போது குனியாமலே தன் கால் பெருவிரலைப் பார்த்துவிட்டார். வாடா, எங்கடா போயிருந்தே இத்தனை நாளா என்று கேட்கத் தோன்றியது. யாரிடம் போய்ச் சொல்வது இதை? ராத்திரிக்குக் கேப்பைக்கஞ்சி, மத்தியானம் காயும் கீரையும் பாதித் தட்டை அடைத்துக்கொள்ள ஓரத்தில் சோறு. முதல் மாசம் அந்த ஓரத்துச் சோற்றைப் பார்த்து ஆண்பிள்ளை கண் கலங்கியிருக்கிறார். மென்னு தின்னுங்க, முழுங்காதீங்க என்று செண்பகம் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே இருப்பாள். மென்றுபார்த்த பிறகுதான் தெரிந்தது, இத்தனை வருசமாகச் சோற்றுக்கு ருசி என்று ஒன்று இருப்பதே தெரியாமல் தின்றிருக்கிறோம் என்று.

சோற்று வாளி வந்துவிட்டது. சமைத்துப் பந்தியும் விசாரிக்கிற கருப்பணன் முதல் கரண்டியைப் போட்டார், ஆவி பறந்தது. இரண்டாவது கரண்டியும் போட்டார். மூன்றாவதுக்குக் கரண்டி வாளிக்குள் போன நேரத்தில் வெயிலுமுத்து, "போதும்ணே" என்றார். கருப்பணன் காதிலேயே வாங்கவில்லை. வாங்கமாட்டார், பந்தியில் போதும் என்ற சொல்லுக்கு என்ன மதிப்பு? எல்லாரும் சொல்வதுதான், சொல்லிக்கொண்டே சாப்பிடுவதுதான். வெயிலுமுத்து சட்டென்று இரண்டு கையையும் இலைக்கு மேல் விரித்துவிட்டார். கரண்டி அந்தரத்தில் நின்றது. கருப்பணன் கையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். "என்னண்ணே… நெசமாவா?" "போதும்ணே. இது போதும்." குழம்பு ஊற்றினார்கள். சுக்கா வந்தது, கொஞ்சமாக வாங்கினார். குடலுக்குக் கை மறித்தார். நல்லி எலும்பைத் தனியாகக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு வந்தார்கள், தாய்மாமனுக்கென்று வைத்திருந்தது. அதற்கும் கை மறித்தார். வயிறு உள்ளே கிடந்து, துரோகி, துரோகி என்றது. பக்கத்து இலையில் பேச்சு நின்றது. அதற்கடுத்த இலையில் நின்றது. வரிசை நெடுக ஒவ்வொரு வாயாகச் சத்தம் அடங்கிக்கொண்டே போனது அவருக்குக் காதில் கேட்டது. அப்போதுதான் புத்தியில் உறைத்தது. ஐயோ, இதை எப்படி யோசிக்காமல் விட்டோம்! மூணுபந்தி சாப்பிடவில்லை என்றா நினைப்பார்கள்? தாய்மாமன் சாப்பிடவில்லை என்றல்லவா நினைப்பார்கள்! சோறு குறைந்தால் கோபம். அதற்கு வேறு அர்த்தம் எந்தக் காலத்தில் இருந்தது? போதாக்குறைக்கு, அவருக்கென்று தனியாக ஒரு நாற்காலியும் முக்காலியும் போட்டிருந்தார்கள். தரையில் சம்மணம் கூட்ட முடியாத ஆளாயிற்றே, இரண்டு பேர் பிடித்துத் தூக்கினால்தானே எழுந்திருப்பார். இன்றைக்கு அதை வேண்டாமென்று தள்ளிவிட்டுப் பாயில் எல்லாரோடும் உட்கார்ந்தார். சம்மணம் கூடுகிறதே என்ற பெருமையில்தான் உட்கார்ந்தார். அதையும் சேர்த்து இப்போது கணக்குப் போடுவார்கள். போட்ட நாற்காலியில் உட்காரலை, வச்ச சோத்தைத் திங்கலை.

மாயாண்டி மாமா ஞாபகத்தில் கண்ணுக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார். அம்மாவோடு பிறந்தவர். முனீசுவரி வயசுக்கு வந்த சடங்கில் முதல் இலை அவருக்குத்தான். வெயிலுமுத்து பக்கத்து இலை. மாமா கொண்டுவந்த சீர்த்தட்டைக் கீழே இறக்கச் சொன்னது யார், ஏன் சொன்னார்கள், ஒருத்தருக்கும் இன்றுவரை தெரியாது. மாமா ஒரு வாய் எடுத்தார். அதை வாயில் வைக்கவில்லை, இலையிலேயே திரும்ப வைத்தார். வைத்துவிட்டு இலையை வெளிப்பக்கமாக மடித்தார், சாவு வீட்டில் மடிக்கிற மாதிரி. எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். அம்மா பின்னாலேயே ஓடினாள். தம்பி, தம்பி, என் கண்ணுல்ல, தம்பி. பஸ் ஏறிவிட்டார். அதற்கப்புறம் ஒன்பது வருசம் இரண்டு வீட்டுக்கும் பேச்சு வார்த்தை இல்லை, நல்லது கெட்டது இல்லை. அம்மா செத்ததற்குத்தான் வந்தார். வந்து என்ன, நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதார், அம்மாவா எழுந்து வந்து சாப்பிடு தம்பி என்று சொல்லப்போகிறாள்? முனீசுவரி அதையெல்லாம் பார்த்து வளர்ந்தவள். அவள் இப்போது எங்கே நிற்கிறாள்? அடுப்படியில் இருக்கிறாளா, சாமி கிட்ட இருக்கிறாளா? அவள் காதுக்கு இது போவதற்குள் தின்றுவிடலாமா? தின்றால் என்ன, ஒரு நாள். ஒரே ஒரு நாள். நாளைக்குச் சேர்த்து நடந்தால் போச்சு. ஒரு நாளில் யார் செத்தார்கள்? இந்த ஒரு நாள் என்பவன் இருக்கிறானே, அவனை வெயிலுமுத்துவுக்கு நன்றாகத் தெரியும். தீபாவளிக்கு வந்தான், பொங்கலுக்கு வந்தான், பங்காளி வீட்டு வளைகாப்புக்கு வந்தான். அப்பாவிடமும் வந்திருப்பான். ஒரு நாள் ஒரு நாள் என்றேதான் அப்பாவின் விரலும் பாதமும் போயிருக்கும். வெயிலுமுத்து ஒரு வாய் எடுத்து மெதுவாக மென்றார். கறி பஞ்சாக வெந்திருந்தது. கருப்பணன் கைப்பக்குவத்தை யார் குறை சொன்னாலும் நாக்கு அழுகிப்போகும்.

அதற்குள் முனீசுவரி புருசன் குருநாதன் வந்து எதிரில் குத்தவைத்துவிட்டார். முகம் வெளிறியிருந்தது. "மச்சான். ஏதும் குறையா மச்சான்?" "ஒண்ணும் இல்ல மாப்ள. நல்லாருக்கு." "இல்ல மச்சான், எனக்குத் தெரியும். மாலைதானே? எங்க பெரியப்பா மகனுக்கு மொதல்ல மாலையைப் போட்டுட்டாங்ஙெ. நான் அப்பவே வஞ்சேன். உங்களுக்குத்தான் மொதல்ல விழுந்திருக்கணும்." வெயிலுமுத்துவுக்கு இது புதுச் செய்தி. அப்படியா? நமக்கு முன்னால் அவனுக்கா மாலை? குருநாதன் நிறுத்தவில்லை. "இல்ல, சீர்த்தட்டு வந்தப்ப மேளம் நின்னுபோச்சே, அதா? மேளக்காரர் டீ குடிக்கப் போயிட்டாரு மச்சான், சத்தியமா! பத்திரிகையில உங்க பேரு ரெண்டாவதா விழுந்தது அச்சாபீஸ்காரன் தப்பு." ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல வெயிலுமுத்துவுக்குக் காது சூடேறியது. இத்தனை நடந்திருக்கிறதா! ஒன்றும் தெரியாமல் மாங்காய் மடையன் மாதிரி மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்திருக்கிறோமா? ரெண்டாவதா? பேரு ரெண்டாவதா? துண்டை எடுத்து உதறலாமா என்று கை ஒரு கணம் தோளுக்குப் போனதே போனது. போன கையை அவரே பார்த்தார். பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. அடச்சீ, மாயாண்டி மாமாவுக்கும் இப்படித்தான் யாராவது வந்து எடுத்துக்கொடுத்திருப்பான்! சிரித்தது தப்பாகிப் போயிற்று. தாய்மாமன் கோபத்தில் சிரிக்கிறார் என்று குருநாதன் இன்னும் பயந்துபோய், எழுந்து, "முனீசு! ஏ முனீசு!" என்று கூப்பிட்டுக்கொண்டே ஓடினார். வரிசையில் ஒருத்தர் கையும் இலையில் இல்லை. எதிர் வரிசையில் செண்பகம் மட்டும் அவரைப் பார்த்தாள். தின்னுருங்க, பரவாயில்லை என்று அவள் கண் சொன்னது. இத்தனை மாசமும் ஒரு கரண்டி கூடுதலாக வைக்காத மகராசி, அவளே சொல்லிவிட்டாள். இனி யார் தடுக்கிறார்கள்? வாளி பக்கத்திலேயே நிற்கிறது. கருப்பணன் கரண்டியோடு நிற்கிறார். வெயிலுமுத்து கையைத் தூக்கினார் என்றால் போதும். அவர் கையை முழங்காலில் அழுத்தி வைத்துக்கொண்டார்.

முனீசுவரி வந்தாள். கறிக் கை, முந்தானையை இடுப்பில் சொருகியபடி, இடுப்பில் மொட்டைத்தலையோடு யாழினி. வந்தவள் அப்படியே இலைக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தாள். "அண்ணே." உதடு கோணியது. அம்மா ஓடிய ஓட்டம் அவள் முகத்தில் இருந்தது. "அண்ணே, யாரு என்ன செஞ்சிருந்தாலும் எனக்காக மன்னிச்சிருண்ணே. ஒரு வாய் நெறயச் சாப்பிடுண்ணே. அம்மா மாதிரி என்னையும் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஓட வைக்காதண்ணே." மூட்டுவலி என்று சொல்லலாம். டாக்டர் சொன்னார் என்று சொல்லலாம். வயித்துல சரியில்லை என்றால் எல்லாரும் நம்புவார்கள், கசாயம் வரும், மானமும் பிழைக்கும். மூணுபந்தி வெயிலுமுத்து பயந்துபோய்ச் சோற்றைக் குறைத்துவிட்டான் என்று இத்தனை பேர் நடுவில் எந்த வாயால் சொல்வது? இந்த வாயால்தான் சொல்ல வேண்டும், வேறு வாய் ஏது. "ஏத்தா, அழுவாதே. எனக்கு யாரு மேலயும் கோவம் இல்லை. சத்தியமா இல்லை." குரல் தாழ்ந்துதான் வந்தது, ஆனால் கொட்டகை அவ்வளவு அமைதியாக இருந்ததில் கடைசி இலை வரை கேட்டது. "எனக்குப் பயமாருக்குத்தா. கிணத்துல அன்னிக்கு மூச்சு நின்னுபோச்சு. அப்பா போனாருல்ல, அந்த மாதிரி போயிருவேனோன்னு பயம். அதான் ஆவணியிலருந்து நடக்குறேன். வயித்தைக் கட்டுறேன். நீ இவளைப் பதினோரு வருசம் கழிச்சுப் பெத்துட்டே. இவ கல்யாணத்துக்கு மாலை எடுத்துக் குடுக்கத் தாய்மாமன் வேணுமா வேணாமா? அன்னிக்கு நான் இருக்கணும்னா இன்னிக்கு அரை வயித்தோடதான் எந்திரிக்கணும். அவ்வளவுதான் சங்கதி."

முனீசுவரி அவரையே பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள், கழுத்தைப் பார்த்தாள், சட்டை தொளதொளவென்று கிடந்த தோளைப் பார்த்தாள், பாயில் சம்மணம் கூட்டியிருந்த காலைப் பார்த்தாள். கூடப் பிறந்தவனை வருசக்கணக்காகப் பார்க்காமல் இப்போதுதான் பார்க்கிறவள் மாதிரி பார்த்தாள். அப்புறம் எழுந்தாள். பிள்ளையை இடுப்பில் ஏற்றி வைத்துக்கொண்டு, பந்திக்கு நட்டநடுவில் போய் நின்று, மேளக்காரருக்கே கேட்கிற சத்தத்தில் கத்தினாள். "கருப்பணண்ணே! எங்கண்ணன் இலையில இனிமே ஒரு பருக்கை விழுந்துச்சு, உங்களை வாளியோட கம்மாயில தள்ளிருவேன்! எல்லாரும் கேட்டுக்கங்க. எங்கண்ணன் அரை வயித்துக்குத்தான் சாப்பிடுவாரு. எம்மக கல்யாணம் முடியிற வரைக்கும் எந்த வீட்டு விசேசத்துலயும் அவரை யாரும் வற்புறுத்தக் கூடாது. வற்புறுத்துனீங்க, நான் இலையை மடிச்சிட்டுப் போயிருவேன்!" விருந்து வைக்கிற வீட்டுக்காரி, தாய்மாமன் இலையில் சோறு வைக்காதே என்று பந்தியில் நின்று கத்தியதை அந்தக் குலசாமியும் அன்றைக்குத்தான் கேட்டிருக்கும். கருப்பணன் வாளியை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தார். யாரோ முதலில் சிரித்தார்கள், அப்புறம் கொட்டகையே சிரித்தது, கைகள் இலைக்குத் திரும்பின. இத்தனை வருசத்தில் எத்தனை பந்தி, எத்தனை உபசாரம், இன்னும் கொஞ்சம் இன்னும் கொஞ்சம் என்று எத்தனை கெஞ்சல் பார்த்திருப்பார் வெயிலுமுத்து! இப்படி ஒரு மரியாதையை அவருக்கு ஒருத்தரும் செய்ததில்லை. தலையைக் குனிந்துகொண்டு, மிச்சமிருந்த சோற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, நன்றாக மென்று சாப்பிட்டார்.